நிலவின் தரையில் கதிர்வீச்சை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளிலும் நூலகங்களிலும் விண்வெளி பற்றிப் பேசப் போனால், சந்திரயானில் தொடங்கும் பேச்சு எப்படியோ கதிர்வீச்சில் வந்து நின்றுவிடுகிறது. மாணவர்கள் கேட்பதும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்டவர்களின் வாய்மொழியைக் கூடியவரை மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

நிலவில் கதிர்வீச்சு இருக்கிறது என்கிறீர்களே, அங்கே யுரேனியம் புதைந்து கிடக்கிறதா?

நிலவின் மண்ணில் யுரேனியமும் தோரியமும் சிறிதளவு உண்டு, நம் பூமியின் பாறைகளில் இருப்பதைப் போலவே. ஆனால் விண்வெளி வீரர்களைக் கவலைப்பட வைப்பது அதுவல்ல. மேலிருந்து வருவதுதான் பிரச்சினை.

முதலாவது, அண்டக்கதிர்கள். பெயரில் கதிர் என்று இருந்தாலும் இவை துகள்கள். ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறக்கும் அணுக்கருக்கள். ஏறத்தாழ 87 சதவீதம் புரோட்டான், 12 சதவீதம் ஹீலியம், மிச்சமிருக்கும் 1 சதவீதத்தில் இரும்பு போன்ற கனமான அணுக்கருக்கள். சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து, எல்லாத் திசைகளிலிருந்தும், இரவு பகல் பாராமல் வந்துகொண்டே இருக்கும். இரண்டாவது, சூரியன் எப்போதாவது சீறும்போது வீசும் துகள்கள். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: அண்டக்கதிர்கள் நிலவு மண்ணில் மோதி அங்கிருந்து கிளப்பிவிடும் நியூட்ரான்களும் காமா கதிர்களும்.

அப்படியென்றால் நிலவொளியில் நின்றால் ஆபத்தா? கிரகணத்தன்று கதிர்வீச்சு அதிகமாகுமாமே?

நிலவொளி என்பது நிலவின் தரையில் பட்டுத் திரும்பும் சூரிய வெளிச்சம். அதில் பயப்பட ஒன்றுமில்லை. சந்திர கிரகணத்தன்று அந்த வெளிச்சமும் குறைகிறது, அவ்வளவுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள்.

“இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்கு அருகில் கடக்கின்றன, செல்போனை அணைத்துவிடுங்கள், இதை எல்லோருக்கும் அனுப்புங்கள்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. மேலே சொன்னதுபோல் அண்டக்கதிர்களுக்கு நேரம் காலம் கிடையாது. நீங்கள் இதைப் படிக்கும் இந்த நொடியிலும் அவை காற்றில் மோதிக் கிளப்பிவிட்ட வழித்தோன்றல் துகள்கள் சில உங்கள் உடம்பைத் துளைத்துக்கொண்டு போகின்றன. செல்போனை அணைப்பதும் அணைக்காததும் அவற்றுக்கு ஒன்றுதான்.

பூமியில் நமக்கு ஏன் அந்தத் தொல்லை இல்லை?

இரண்டு காவல்கள் இருக்கின்றன. பூமியின் காந்தப்புலம் ஆற்றல் குறைந்த துகள்களைத் திருப்பிவிடுகிறது. அதைத் தாண்டி வருபவற்றைக் காற்று மண்டலம் தடுக்கிறது. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் மேலே சுமார் 1 கிலோ காற்று நிற்கிறது. தடுப்புச் சக்தியில் அது 10 மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம். நிலவில் பேருக்குக்கூடக் காற்று இல்லை, உலகு தழுவிய காந்தப்புலமும் இல்லை.

நிலவின் தரையில் இதை யார், எப்போது அளந்தார்கள்?

2019 ஜனவரி 3 அன்று சீனாவின் சாங்-இ 4 நிலவின் மறுபக்கத்தில், வான் கார்மான் பள்ளத்தில் இறங்கியது. மறுபக்கத்தில் இறங்கிய முதல் கலம் அதுதான். அதில் எல்என்டி என்ற சுருக்கப் பெயர் கொண்ட கருவி ஒன்று இருந்தது. ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் விம்மர்-ஷ்வைன்க்ரூபர் தலைமையில் உருவானது. நியூட்ரான்களையும் கதிர்வீச்சு டோஸையும், அதாவது உள்ளே இறங்கும் கதிர்வீச்சின் அளவையும், அளப்பது அதன் வேலை. மறுபக்கத்திலிருந்து பூமியை நேரே பார்க்க முடியாது என்பதால், தரவுகள் க்வெச்சியாவ் என்ற அஞ்சல் செயற்கைக்கோள் வழியாக வந்தன.

நிலவின் பகல் நம் கணக்கில் சுமார் இரண்டு வாரம், இரவும் அதே அளவு. கருவி பகலில் இயங்கும், கடுங்குளிரான இரவில் அணைக்கப்படும். முதல் இரண்டு நிலவுப் பகல்களில் கிடைத்த அளவீடுகள் 2020 செப்டம்பரில் ஸயன்ஸ் அட்வான்சஸ் இதழில் வெளியாயின.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: எவ்வளவு?

மணிக்கு சுமார் 57 மைக்ரோசீவர்ட் (சீவர்ட் என்பது உடம்புக்கான கதிர்வீச்சு அலகு, விளக்கம் அடுத்த கேள்வியில்). நாளுக்கு 1,369 மைக்ரோசீவர்ட், அதாவது ஏறத்தாழ 1.4 மில்லிசீவர்ட். பூமியில் ஒரு மனிதர் இயற்கையாக வாங்கிக்கொள்வது, உலக சராசரியில், ஓர் ஆண்டுக்கே 2.4 மில்லிசீவர்ட்தான். இரண்டு நாள் நிலவில் நின்றால் அந்த ஓராண்டுக் கணக்கு தாண்டிவிடும்.

அதே காலத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் நாளுக்கு 731 மைக்ரோசீவர்ட் பதிவானது. அதில் அண்டக்கதிர்களின் பங்கு 523 மட்டுமே. மீதி பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சுப் பட்டைகளில் சிக்கியிருக்கும் புரோட்டான்களால் வருவது. “நிலவில் 2.6 மடங்கு” என்று செய்திகளில் வந்தது அண்டக்கதிர்ப் பங்கோடு ஒப்பிட்டுத்தான். மொத்தத்தோடு ஒப்பிட்டால் 1.9 மடங்கு வரும். இரண்டும் சரி, எதோடு ஒப்பிட்டார்கள் என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு.

சில இடத்தில் கிரே என்கிறார்கள், சில இடத்தில் சீவர்ட். ஏன் இந்தக் குழப்பம்?

கிரே என்பது ஒரு கிலோ பொருளில் எவ்வளவு ஆற்றல் இறங்கியது என்பதன் அளவு. ஒரு கிலோவில் ஒரு ஜூல் இறங்கினால் ஒரு கிரே. அது இயற்பியல் கணக்கு. சிலிக்கானோ சதையோ, எந்தப் பொருளுக்கும் அந்தக் கணக்கைப் போடலாம். சீவர்ட் உடம்புக்கு ஏற்படும் கேட்டையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. ஒருவர் தலையில் ஒரு கிலோ மணலைத் தூவுவதும் ஒரு கிலோ கல்லைப் போடுவதும் எடையில் ஒன்று, விளைவில் ஒன்றல்ல. கனமான அணுக்கரு ஒன்று செல்லுக்குள் புகுந்தால் போகும் வழியில் ஆற்றலை நெருக்கமாகக் கொட்டிவிட்டுப் போகும். டிஎன்ஏ இழைகள் சேர்ந்தாற்போல் அறுபடும்.

அந்தக் கேட்டைக் குறிக்கும் பெருக்கு எண்ணைத் தரக் காரணி என்பார்கள். எக்ஸ்-ரேக்கு அது 1. நிலவின் தரையில் எல்என்டி கண்டது சராசரியாக 4.3.

கண்ணுக்குத் தெரியாத துகளை எப்படி அளக்கிறார்கள்?

கருவியின் உள்ளே அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் தகடுகள் பத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மின்னூட்டம் உள்ள துகள் ஒன்று தகட்டைத் துளைக்கும்போது, அங்குள்ள எலக்ட்ரான்களை இடத்தைவிட்டுக் கிளப்புகிறது. அப்படி ஒன்றைக் கிளப்ப சுமார் 3.6 எலக்ட்ரான் வோல்ட் செலவாகும். எத்தனை கிளம்பின என்று எண்ணினால் எவ்வளவு ஆற்றல் இறங்கியது என்பது தெரிந்துவிடும். தகட்டின் எடையால் வகுத்தால் டோஸ். ஒரே துகள் எந்தெந்தத் தகடுகளைத் தாண்டியது என்பதிலிருந்து அது புரோட்டானா, ஹீலியமா, இன்னும் கனமானதா என்று பிரித்தறியலாம்.

நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாததால் அதைப் பிடிப்பதுதான் சாமர்த்தியம். தகடு ஒன்று நடுப்பகுதி, வெளி வளையம் என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. மின்னூட்டம் உள்ள துகள் வெளியிலிருந்து நடுப்பகுதிக்கு வந்தால் வளையத்தையோ அண்டைத் தகடுகளையோ தொடாமல் வர முடியாது. சுற்றிலும் எங்கும் சத்தமில்லாமல் நடுவில் மட்டும் ஆற்றல் பதிவானால், வந்தது நியூட்ரான் அல்லது காமா. வேகம் குறைந்த நியூட்ரான்களுக்கு வேறு பொறி: அவற்றை ஆவலோடு விழுங்கும் கடோலினியம் என்ற உலோகத்தின் மெல்லிய தாள் தகடுகளுக்கிடையே வைக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பகுதி எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. இத்தனையும் ஒரு சிறு அடுக்குக்குள்.

நிலவு காலுக்கடியில் இருக்கிறதே, பாதி வானத்தை அது மறைக்காதா? அப்படியானால் பாதிதானே வரவேண்டும்?

நல்ல கேள்வி. கீழிருந்து வரும் அண்டக்கதிர்களை நிலவு முழுதும் தடுத்துவிடுகிறது, உண்மை. ஆனால் முதல் பதிலில் சொன்ன மூன்றாவது வகை இங்கே கணக்கைக் கெடுக்கிறது. எல்என்டி அளந்த மொத்தம் சிலிக்கானில் மணிக்கு 13.2 மைக்ரோகிரே, அதில் 3.1 மின்னூட்டமற்ற துகள்களால் வந்தது. கிட்டத்தட்ட கால் பங்கு. மேலிருந்து வருவதைப் பாதியாக்கிய அதே நிலவு, கீழிருந்து கொஞ்சம் திருப்பித் தருகிறது.

அப்பல்லோ வீரர்கள் போய் நன்றாகத்தானே திரும்பி வந்தார்கள்? கதிர்வீச்சைத் தாண்ட முடியாது, எனவே போனதே பொய் என்கிறார்களே?

போனார்கள், அளவுமானிகளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே போனார்கள். மருத்துவமனையில் எக்ஸ்-ரே எடுப்பவர் மார்பில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்பாரே, அதே நோக்கத்துக்கான கருவிகள். முழுப் பயணத்துக்கும் சேர்த்து அப்பல்லோ 11 குழுவின் சராசரித் தோல் டோஸ் பழைய அலகில் 0.18 ராட், அதாவது 1.8 மில்லிகிரே. அதிகம் வாங்கியது அப்பல்லோ 14: 1.14 ராட், 11.4 மில்லிகிரே. அந்தக் கலத்தின் பாதை, பூமியைச் சுற்றியுள்ள வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகளின் செறிவான பகுதிக்கு அருகில் அமைந்தது அதற்குக் காரணம்.

பட்டைகளைச் சில மணி நேரத்தில் கடந்துவிட்டார்கள், நிலவில் அதிகபட்சம் மூன்று நாள் தங்கினார்கள். டோஸ் என்பது வீதத்தையும் நேரத்தையும் பெருக்கி வருவது. நேரம் குறைந்தால் டோஸும் குறையும். இதில் மர்மம் ஒன்றுமில்லை.

வீரர்கள் கண்ணை மூடினாலும் வெளிச்சம் தெரிந்ததாமே?

தெரிந்தது. இருட்டில் கண் மூடிக் கிடக்கும்போது மின்னல் கீற்றுகளும் பொட்டுகளும் தோன்றுவதாக அப்பல்லோ 11 முதல் பல குழுவினர் சொன்னார்கள். அண்டக்கதிர்த் துகள்கள் கண்ணைத் துளைப்பதால் வருவது அது. அப்பல்லோ 16, 17 பயணங்களில் துகள் தடம் பதியும் தகடுகள் கொண்ட தலைக்கவசம் ஒன்றை அணிந்து அதைச் சோதித்தார்கள்.

அப்பல்லோ அளந்துவிட்டது என்றால் 2019 அளவீட்டை “முதல்முறை” என்று ஏன் எழுதினார்கள்? சோவியத்தின் லூனா 9-கூட அளந்ததே?

அப்பல்லோ அளவுமானிகள் பயணம் முழுவதையும் கூட்டித் தந்தன. பட்டைகளில் எவ்வளவு, வழியில் எவ்வளவு, தரையில் எவ்வளவு என்று அந்த மொத்தத்தைப் பிரித்துச் சொல்ல முடியாது. நிலவின் தரையில் நின்று நேரவாரியாக, துகள் வகை பிரித்து டோஸை அளந்தது எல்என்டிதான். “முதல்முறை” என்பதற்கு அந்தப் பொருள்.

லூனா 9 விஷயத்தில் கேட்டவர் சொன்னது சரி. 1966 பிப்ரவரி 3 அன்று நிலவில் முதன்முதலாக மென்மையாக இறங்கிய அந்தக் கலத்தில் ஒரு கதிர்வீச்சு அளவி இருந்தது. அது சொன்ன எண் நாளுக்கு 30 மில்லிராட். இன்றைய அலகுக்கு மாற்றிப் பாருங்கள்: 300 மைக்ரோகிரே, 24-ஆல் வகுத்தால் மணிக்கு 12.5. ஐம்பத்து மூன்று ஆண்டு கழித்து வந்த 13.2-க்குப் பக்கத்தில்! இரண்டும் சூரியன் அடங்கியிருந்த, அதனால் அண்டக்கதிர் கூடுதலாக வந்த காலத்தை ஒட்டிய அளவீடுகள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கருவிகள் வேறு, பொருள் வேறு. ஆகவே இந்த ஒற்றுமையை அளவுக்குமேல் கொண்டாட வேண்டாம். ஆனாலும் அந்தக் காலத்து எளிய அளவி இவ்வளவு நெருங்கி வந்ததைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

சந்திரயான் ஏதாவது அளந்ததா?

தரையில் இல்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான் 3 மண்ணின் வெப்பம், அதிர்வு, மின்மம் (பிளாஸ்மா), தனிமங்கள் ஆகியவற்றை ஆராய்ந்தது. டோஸ் அளக்கும் கருவி அதில் இல்லை.

சுற்றுப்பாதையில் உண்டு. மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 1, 2008 அக்டோபர் 22 அன்று கிளம்பியபோது பல்கேரிய அறிவியல் கழகத்தின் ரேடாம் என்ற சிறு கருவியைச் சுமந்து சென்றது. கிளம்பிய சுமார் இரண்டு மணி நேரத்தில் அதை இயக்கிவிட்டதால், வழியில் கதிர்வீச்சுப் பட்டைகளையும் அளந்தது. நிலவுக்கு 100 கிலோமீட்டர் மேலே மணிக்கு சுமார் 9.5 மைக்ரோகிரே. பாதையை 200 கிலோமீட்டருக்கு உயர்த்தியபின் 10.7. உயரப் போகப்போக நிலவு மறைக்கும் வானப்பரப்பு குறைகிறது. பாதி வானம் பற்றிய கேள்விக்கு இது இன்னொரு சாட்சி.

“மேலே 9.5, தரையில் 13.2 என்றால் தலைகீழாக இருக்கிறதே” என்று உடனே கேட்பார்கள். 13.2-இல் இருந்து நியூட்ரான், காமா பங்கைக் கழியுங்கள். மின்னூட்டத் துகள்களுக்கு சுமார் 10 வரும். இடையில் பத்தாண்டு, கருவிகளைச் சுற்றிய உலோகத்தின் தடிமன் வேறு. இரண்டு எண்களை அருகருகே வைப்பதற்குமுன் எந்தத் துகள், எந்தப் பொருளில், எந்த ஆண்டில், எதற்குப் பின்னால் என்று நான்கையும் கேட்டாக வேண்டும். பெரும்பாலான குழப்பம் இந்த நான்கில் ஒன்றை விட்டுவிடுவதால் வருகிறது.

சாங்-இ கலத்திலேயே புளூட்டோனியம் இருக்கிறதாமே? அதன் கதிர்வீச்சையே அளந்திருந்தால்?

நியாயமான சந்தேகம். இரவின் குளிரைத் தாங்க அந்தக் கலத்தில் கதிரியக்க வெப்பமூட்டிகளும், கதிரியக்க வெப்பத்தில் மின்சாரம் தரும் கலன் ஒன்றும் உண்டு. அவை நியூட்ரான்களையும் காமாவையும் விடுகின்றன. மின்னூட்டத் துகள்களின் கணக்கை இது அவ்வளவாகப் பாதிக்காது. மின்னூட்டமற்றவற்றின் கணக்கில்தான் கலத்தின் சொந்தப் பங்கைக் கழிக்க வேண்டும், 3.1 என்ற எண்ணோடு 0.5 கூடுதல் குறைவு என்று போட்டிருப்பதைக் கவனியுங்கள். சிறிய எண்ணுக்கு அது பெரிய தளர்வு.

13.2-ஐ 4.3-ஆல் பெருக்கினால் 57 வருகிறது. அப்படித்தானே கணக்கு?

இல்லை! கல்லூரி மாணவர்களும் இதில் வழுக்குகிறார்கள். விடை பொருந்திவிடுவதால் சந்தேகமே வருவதில்லை. 57 என்பது மின்னூட்டத் துகள்களுக்கு மட்டுமான எண். மொத்தத்தில் நியூட்ரான், காமா பங்கைக் கழித்தால் சுமார் 10. அது சிலிக்கானில் அளந்தது. உடம்பு பெரும்பாலும் நீர் என்பதால் நீருக்கு மாற்ற சுமார் 1.3-ஆல் பெருக்க வேண்டும். அதன்பின் 4.3. அப்போதும் ஏறத்தாழ 57 வருகிறது, தற்செயலாக. நியூட்ரான்களின் பங்கையும் சீவர்ட்டில் சேர்த்தால் எண் இன்னும் ஏறும்.

செவ்வாயில் நிலவைவிடக் குறைவு என்று படித்தேன். சூரியனிடமிருந்து தொலைவு என்பதாலா?

தொலைவால் அல்ல, அண்டக்கதிர்கள் சூரியனிடமிருந்து வருபவை அல்லவே. க்யூரியாசிட்டி ஊர்தி செவ்வாயின் தரையில் முதல் ஓராண்டில் அளந்தது நாளுக்கு சராசரி 0.64 மில்லிசீவர்ட். மெல்லியதானாலும் செவ்வாய்க்குக் காற்று மண்டலம் உண்டு. தவிர, அந்த அளவீடு 2012-13-இல், சூரியன் துடிப்பாக இருந்தபோது எடுத்தது. துடிப்பான சூரியனின் காந்தப்புலம் அண்டக்கதிர்களைக் கொஞ்சம் தள்ளிவைக்கும். எல்என்டி அளந்த 2019-இல் சூரியன் மிகவும் அடங்கியிருந்தது. எனவே 1.4-க்கும் 0.64-க்கும் உள்ள வேறுபாடு முழுவதையும் காற்றின் கணக்கில் எழுதிவிட முடியாது.

சூரியப் புயல் வந்தால் தரையில் நிற்பவர் கதி?

1972-ஐ நினைத்துப் பாருங்கள். அப்பல்லோ 16 ஏப்ரலில் திரும்பியது, அப்பல்லோ 17 டிசம்பரில் கிளம்பியது. நடுவே ஆகஸ்ட் 4 அன்று, அந்தக் காலகட்டத்தின் மிகக் கடுமையான சூரியத் துகள் புயல்களில் ஒன்று அடித்தது. வெறும் விண்வெளி உடையோடு நிலவில் யாராவது நின்றிருந்தால் கதிர்வீச்சு நோய்க்கு ஆளாகியிருக்கக்கூடும். திட்டமிட்டுத் தப்பவில்லை, நாள்காட்டி காப்பாற்றியது.

2021 அக்டோபர் 28 அன்று வீசிய சூரியத் துகள்களை பூமி, நிலவு, செவ்வாய் ஆகிய மூன்று தரைகளிலும் ஒரே சமயத்தில் அளந்தார்கள்; நிலவில் அளந்தது சாங்-இ 4-தான். நிலவைச் சுற்றும் அமெரிக்காவின் எல்ஆர்ஓ கலத்தில் அந்நிகழ்வின் டோஸ் 31 மில்லிகிரே. நிலவுத் தரையின் அன்றாட அளவோடு ஒப்பிட்டால் சுமார் நூறு நாள் கணக்கு, ஒரே புயலில். ஆளைக் கொல்லும் அளவல்ல, ஆனால் அலட்சியப்படுத்தும் அளவுமல்ல.

மண்ணைப் போட்டு மூடிக்கொண்டால் போதாதா?

போதும், போதிய அளவு போட்டால். கொஞ்சமாகப் போட்டால் சிக்கல். அண்டக்கதிர் மண்ணில் மோதி நியூட்ரான்களைச் சிதறடிக்கும். அவை தணிவதற்குமுன் நீங்கள் அங்கே இருந்தால் அவற்றை வாங்கிக்கொள்வீர்கள். அப்பல்லோ 17 வீரர்கள் மண் மாதிரி எடுத்த துளைக்குள் இரண்டு மீட்டர் நீளக் கோல் ஒன்றை இறக்கி நியூட்ரான்களை அளந்தார்கள். வேகம் குறைந்த நியூட்ரான்கள் மேற்பரப்பில் இருப்பதைவிடச் சற்று ஆழத்தில் அதிகம் என்பது அதில் தெரிந்தது. சூரியப் புயலுக்கு மிதமான தடுப்பே போதும். அண்டக்கதிர்களுக்கு நன்கு தடித்த மண் கூரையோ, எரிமலைக் குழம்பு ஓடிய பழைய குகைகளோ வேண்டும்.

கடைசியாக: ஒருவர் எத்தனை நாள் தங்கலாம்? எப்போது போவது நல்லது?

ஒரு வீரர் தம் பணிக்காலம் முழுவதும் வாங்கக்கூடிய உச்ச வரம்பாக நாசா வைத்திருப்பது 600 மில்லிசீவர்ட்; வயது, பால் வேறுபாடு இல்லை. நாளுக்கு 1.369 என்று வகுத்தால் சுமார் 438 நாள் வரும். மூடாத தரையில், புயல் எதுவும் அடிக்காமல், நியூட்ரான் பங்கையும் போக வரப் பயணத்தையும் சேர்க்காமல் வரும் எண் இது. நடைமுறையில் இன்னும் குறையும். நல்ல மண் கூரைக்கடியில் பெரும்பகுதி நேரம் கழித்தால் கூடும்.

எப்போது என்பதில் இரண்டு கட்சி உண்டு. சூரியன் அடங்கியிருக்கும்போது புயல் அபாயம் குறைவு, அண்டக்கதிர் அதிகம். துடிப்பாக இருக்கும்போது நேர்மாறு. ஒரு வாரப் பயணம் என்றால் அடங்கிய காலமே மேல் என்பேன். ஒரு வாரத்தில் அண்டக்கதிரால் சேர்வது 10 மில்லிசீவர்ட் அளவில்தான் இருக்கும். பல மாதம் தங்குவதானால் என் ஓட்டு துடிப்பான காலத்துக்கு. புயலிலிருந்து ஒதுங்க ஓர் அறை கட்டிவிடலாம், எச்சரிக்கை கிடைத்ததும் உள்ளே போய்விடலாம். அண்டக்கதிருக்கு அப்படி ஓடி ஒளிய நேரம் குறிக்க முடியாது. வெளியே வேலை செய்யும் ஒவ்வொரு மணி நேரமும் அது கணக்கில் ஏறும்.